'சென்னைக்கு மிக அருகில்' என்கிறார்களா? கும்மிடிப்பூண்டியில் வேலை கிடைத்தால் வீடு எங்கே பார்ப்பது? யாரிடம், என்ன கேட்பது?

"அண்ணா, கும்மிடிப்பூண்டி சிப்காட்ல வேலை கிடைச்சிருக்கு. திங்கட்கிழமை ஜாயின் பண்ணணும். ரூம் எங்க பாக்கலாம்?"

"திருவள்ளூர்ல என் மச்சான் இருக்கான். அங்கயே பாத்துக்கோடா. ஒரே மாவட்டம்தானே!"

நல்ல மனசோடு சொன்ன பதில்தான். ஆனால் இதை நம்பி அட்வான்ஸ் கொடுத்தால், தினமும் வேலைக்குப் போக மட்டும் 80 கி.மீ.க்கு மேல் ரயிலில் உட்கார வேண்டியிருக்கும். திரும்பி வர இன்னொரு 80 கி.மீ.

தென் மாவட்டங்களில் இருந்தும் பீகார், ஒடிசா, அசாம் போன்ற மாநிலங்களில் இருந்தும் வேலைக்காக ஆட்கள் வந்து இறங்கும் இடம் கும்மிடிப்பூண்டி. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்வி: எங்கே தங்கலாம், எப்படிப் போய் வரலாம்?

சொல்வதற்கு எல்லோரிடமும் ஒரு பதில் இருக்கும். ஆனால் பதில் தப்பாகப் போனால் அதன் விலையைக் கொடுப்பது கேட்டவர் மட்டும்தான். சொன்னவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அதனால் யாரிடம் கேட்கிறோம், என்ன கேட்கிறோம் என்பதுதான் இங்கே முக்கியம். விரிவாகப் பார்க்கலாம்.

முதல் குழப்பம்: பெயர் ஒன்று, திசை வேறு

கும்மிடிப்பூண்டி திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் திருவள்ளூர் நகரமும் கும்மிடிப்பூண்டியும் வெவ்வேறு ரயில் பாதைகளில் உள்ளன.

சென்னை சென்ட்ரலில் இருந்து மேற்கே அரக்கோணம் போகிற பாதையில் சுமார் 42 கி.மீ. தூரத்தில் திருவள்ளூர் வரும். வடக்கே கூடூர் போகிற பாதையில் சுமார் 47 கி.மீ. போனால் கும்மிடிப்பூண்டி. இரண்டு பாதைகளும் பிரிவது பேசின் பிரிட்ஜில். ஆகவே திருவள்ளூரில் தங்கி ரயிலில் கும்மிடிப்பூண்டி போக வேண்டுமென்றால், சென்னை வரை வந்து வண்டி மாறித்தான் போக வேண்டும். சாலை வழியாக என்றால் பெரியபாளையம், ஆரணி, புதுவாயல் பக்கமாகவோ ஊத்துக்கோட்டை பக்கமாகவோ சுமார் 50 கி.மீ.

இந்தக் குறை தீரும் என்று சொல்லப்படும் திட்டம் சென்னை எல்லைச் சாலை. எண்ணூர் துறைமுகத்தில் தொடங்கி தச்சூர், திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர் வழியாக மாமல்லபுரம் வரை, மொத்தம் சுமார் 133 கி.மீ. நீளத்துக்குத் திட்டமிடப்பட்ட சாலை இது. "ரிங் ரோடு வருது சார், எல்லாம் பக்கமாயிடும்" என்று யாராவது சொன்னால், "நான் வேலைக்குப் போகிற வழியில் இன்றைக்கு அந்தச் சாலையில் வண்டி ஓடுகிறதா?" என்று திருப்பிக் கேளுங்கள்.

இரண்டாவது குழப்பம்: எந்த சிப்காட்?

'கும்மிடிப்பூண்டி சிப்காட்' என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். பழைய சிப்காட் வளாகம் கும்மிடிப்பூண்டி ஊரை ஒட்டியது. மிச்செலின் டயர் ஆலை இருக்கிற தேர்வாய்கண்டிகை சிப்காட் வேறு. அது ரயில் பாதையில் இருந்து விலகி, மேற்கே ஊத்துக்கோட்டை பக்கம் இருக்கிறது. சென்னையின் ஐந்தாவது நீர்த்தேக்கமாக 2020 நவம்பரில் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை - தேர்வாய்கண்டிகை ஏரியும் அந்தப் பக்கம்தான்.

இன்னொன்று ஸ்ரீசிட்டி. வேலை விளம்பரத்தில் 'சென்னை அருகே' என்று போட்டிருக்கும். ஆனால் இடம் ஆந்திர எல்லைக்குள், தடா பக்கம். ரயிலில் கும்மிடிப்பூண்டியைத் தாண்டி எளாவூர், ஆரம்பாக்கம், அடுத்து தடா.

அதனால் வீடு தேடும் முன் ஆஃபர் லெட்டரில் உள்ள ஆலையின் முகவரியைப் பாருங்கள். தலைமை அலுவலக முகவரி உதவாது. நீங்கள் நிற்கப்போகும் கேட் எது என்பதுதான் கேள்வி.

எங்கே தங்கலாம்? ஒவ்வொரு ஊருக்கும் ஒரு விலை உண்டு

இங்கே 'விலை' என்பது வாடகை மட்டுமில்லை. நேரம், தண்ணீர், காற்று, மழைக்காலம் எல்லாம் அதில் அடக்கம்.

கும்மிடிப்பூண்டி: வேலைக்கு நடந்தோ சைக்கிளிலோ போகலாம். நைட் ஷிப்ட் முடித்தால் சீக்கிரம் படுக்கலாம். ஆனால் இரும்பு உருக்காலைகளின் புகை பற்றி இங்குள்ள மக்கள் பல வருடங்களாகப் புகார் சொல்கிறார்கள். 'மொட்டை மாடியில துணி காயப் போட்டா கருப்பாயிடுது' என்பது தொழிற்பேட்டைப் பக்கம் அடிக்கடி கேட்கும் பேச்சு. குழந்தையோடு வருகிறவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் இதைக் கண்டிப்பாக விசாரிக்க வேண்டும்.

கவரைப்பேட்டை, பொன்னேரி: கவரைப்பேட்டை ஒரு ஸ்டேஷன் தூரம், பொன்னேரி இரண்டு. பொன்னேரி தாலுகா தலைநகர். அரசு மருத்துவமனை, நீதிமன்றம், கடைவீதி எல்லாம் இருப்பதால் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு வசதி. ஆனால் ஆந்திராவில் இருந்து வரும் ஆரணி ஆறு பொன்னேரி பக்கமாகத்தான் பழவேற்காட்டுக்குப் போகிறது. பிச்சாட்டூர் அணை நிரம்பித் திறந்தால், ஆற்றை ஒட்டிய தாழ்வான பகுதிகளும் தரைப்பாலங்களும் பாதிக்கப்படும்.

மீஞ்சூர்: காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகங்களிலும் வல்லூர் அனல் மின் நிலையத்திலும் வேலை செய்பவர்களுக்கு இது பக்கம். பிரச்சினை தண்ணீர். மீஞ்சூர் பகுதி நிலத்தடி நீரில் கடல்நீர் உட்புகுவது 1960களின் இறுதியில் இருந்தே பதிவான விஷயம். போர் இருக்கிறது என்றால் போதாது. அந்தத் தண்ணீரை வாயில் வைக்க முடியுமா என்று கேளுங்கள். கண்டெய்னர் லாரிகளின் நெரிசலும் உண்டு.

விம்கோ நகர், திருவொற்றியூர்: 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தது. புறநகர் ரயில் நிலையமும் பக்கத்திலேயே இருக்கிறது. கணவனுக்கு கும்மிடிப்பூண்டியிலும் மனைவிக்குச் சென்னை நகரத்துக்குள்ளும் வேலை என்றால் இருவருக்கும் நடுவான இடம். ஆனால் இங்கே இருந்து வேலைக்குப் போகிறவர் ரயிலை நம்பித்தான் வாழ வேண்டும்.

அந்த நம்பிக்கைக்கும் ஒரு எல்லை உண்டு. வட மாநிலங்களுக்குப் போகும் எக்ஸ்பிரஸ்களும் சரக்கு ரயில்களும் இதே தடத்தில்தான் ஓடுகின்றன. 2024 அக்டோபர் 11ஆம் தேதி இரவு கவரைப்பேட்டையில் மைசூரு - தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ் நின்றிருந்த சரக்கு ரயில் மீது மோதியபோது இந்த மார்க்கமே முடங்கியது. மேற்குப் பாதைக்கும் இதே கதைதான். 2025 ஜூலை 13ஆம் தேதி திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிவந்த சரக்கு ரயில் தீப்பிடித்தபோது அரக்கோணம் மார்க்கத்தில் சேவை பாதிக்கப்பட்டது. "அன்னைக்கு நீங்க எப்படி வேலைக்கு வந்தீங்க?" என்று பழைய ஊழியர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். பஸ் வசதி, ஷேர் ஆட்டோ, கம்பெனி வண்டி என்று எல்லா விவரமும் அந்த ஒரு பதிலில் வந்துவிடும்.

யாரிடம் கேட்பது?

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். ஆனால் யாரிடம் வாயைத் திறக்கிறோம் என்பதும் முக்கியம். பதில் சொல்லும் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அது தப்பில்லை, ஆனால் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

புரோக்கர்: எந்தத் தெருவில் எந்த வீடு காலி என்பது இவருக்குத்தான் தெரியும். ஆனால் கமிஷன் கிடைப்பது வீடு முடிந்தால்தான். 'மழைக்குத் தண்ணி நிக்குமா' என்ற கேள்விக்கு இவர் பதிலை மட்டும் நம்ப வேண்டாம்.

கம்பெனி ஹெச்ஆர்: பஸ் எந்த ரூட்டில் வரும், எங்கே நிற்கும், நைட் ஷிப்ட் பெண்களுக்கு வாசல் வரை வண்டி உண்டா என்பதை இவரிடம் கேட்க வேண்டும், எழுத்தில் வாங்க வேண்டும்.

அதே ஷிப்டில் வேலை செய்பவர்: பகல் ஷிப்ட் ஆளிடம் நைட் ஷிப்ட் பற்றிக் கேட்டுப் பயனில்லை. உங்கள் ஷிப்ட், உங்கள் சம்பள அளவு, உங்கள் குடும்ப நிலை - மூன்றும் ஒத்துப்போகும் ஒருவரைத் தேடுங்கள்.

தெருவில் உள்ள பெண்கள்: தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, இரவில் தெருவிளக்கு எரிகிறதா, ஸ்டேஷனில் இருந்து நடந்து வர முடியுமா என்பது இவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும். "அக்கா, ராத்திரி பத்து மணிக்கு நீங்க தனியா வருவீங்களா?" என்ற கேள்விக்கு வரும் பதில், 'சேஃப் ஏரியா' என்ற விளம்பரத்தை விட மேலானது.

காலி செய்து போனவர்: இவரைத்தான் யாரும் தேடுவதில்லை. முன்பு அந்த வீட்டில் இருந்தவர் ஏன் போனார் என்று கண்டுபிடியுங்கள். பக்கத்து வீட்டுக்காரரோ முனையில் உள்ள மளிகைக் கடைக்காரரோ சொல்லிவிடுவார்.

என்ன கேட்பது? 'நல்ல ஏரியாவா' என்று கேட்காதீர்கள்

'நல்ல ஏரியாவா?' என்று கேட்டால் 'நல்ல ஏரியாதான்' என்று பதில் வரும். தன் ஊரைக் கெட்ட ஊர் என்று யார் சொல்வார்கள்? அபிப்பிராயம் கேட்பதை விட, நடந்ததைக் கேட்பது நல்லது.

உதாரணமாக, 'வெள்ளம் வருமா?' என்பதற்குப் பதில் இப்படிக் கேளுங்கள்: "2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் அன்னைக்கு இந்தத் தெருவுல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு? எத்தனை நாள் கரண்ட் இல்ல?" 2015ஆம் ஆண்டு வெள்ளத்தையும் சேர்த்துக் கேளுங்கள். தண்ணீர் நின்ற இடத்தில் சுவரில் கோடு இருக்கும். கேட்டால் கையை வைத்தே காட்டுவார்கள்.

'காற்று சுத்தமா?' என்று கேட்காமல், ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மேல் நீங்களே அங்கே போய் நில்லுங்கள். பகலில் வீடு பார்க்க வருகிறவர்களுக்கு இரவு நிலவரம் தெரியாது. கும்மிடிப்பூண்டியில் தொடர்ச்சியாகக் காற்றுத் தரத்தை அளக்கும் நிலையம் ஒன்று இருக்கிறது. அதன் அளவை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் பார்க்கலாம். பக்கத்து ஆலை சிவப்பு வகையா, ஆரஞ்சு வகையா, பச்சை வகையா என்பதையும் கேட்கலாம். மாசு ஏற்படுத்தும் அளவை வைத்து வாரியம் தரும் வகைப்பாடு இது. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம் கும்மிடிப்பூண்டிக்கென்றே தனியாக இயங்குகிறது.

சரியான தகவல் இல்லாத இடத்தில் வதந்தி நுழைகிறது

தங்கும் இடத்தைப் பற்றிய தகவல் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதே மாவட்டத்திலேயே ஓர் உதாரணம் உண்டு.

2021 டிசம்பரில் பூந்தமல்லி பக்கம் ஒரு விடுதியில் தங்கியிருந்த ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர்களுக்கு உணவு ஒவ்வாமல் போனது. 250-க்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். கூட இருந்த தோழிகள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று மற்றவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. சிலர் இறந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் செய்தி பரவியது. அது உண்மையில்லை. ஆனால் அதற்குள் ஆயிரக்கணக்கான பெண்கள் சாலைக்கு வந்து சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்துவிட்டார்கள். ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரியில்தான் மீண்டும் திறந்தது. சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தரமாக இல்லை என்பதை ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது.

அந்தப் பெண்கள் விடுதியைத் தேர்ந்தெடுக்கவில்லை. வேலையோடு சேர்ந்து வந்தது அது. பிறகு 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பு வளாகம் திறக்கப்பட்டது. ஆள் எடுக்கும்போதே தங்கும் இடத்தையும் யோசிக்க வேண்டும் என்ற பாடம், பெரும் போராட்டத்துக்குப் பிறகு கற்றது.

இன்னொன்று 2023 மார்ச் மாதம். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று வீடியோக்கள் வட மாநிலங்களில் பரவின. அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு அவை பொய் என்று விளக்கினார். ஒரு வீடியோவில் இருந்தது பீகார் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல். மற்றொன்று உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது. பீகார் அரசும் ஓர் அதிகாரிகள் குழுவை அனுப்பி விசாரித்தது.

அந்த நாட்களில் வெளிமாநிலத் தொழிலாளர் ஒருவருக்கு வீட்டிலிருந்து வந்திருக்கக்கூடிய போன் இதுதான்: "அங்க இருக்கலாமா, கிளம்பி வந்துடுறியா?" அதுவும் எங்கே வாழலாம் என்ற கேள்விதான். ஆயிரத்தைநூறு கிலோமீட்டருக்கு அப்பால் பரவிய ஒரு வீடியோவை நம்புவதா, பக்கத்து மெஷினில் நிற்கிற தமிழ் நண்பரை நம்புவதா என்பதுதான் அவர் முன்னால் நின்ற தேர்வு. தூரத்தில் இருப்பவரின் சத்தத்தை விட, பக்கத்தில் இருந்து பார்த்தவரின் வார்த்தைக்கு மதிப்பு அதிகம். இந்த விதி வாடகை வீட்டுக்கும் பொருந்தும்.

வாடகை: சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் நில உரிமையாளர் - குத்தகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017, 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் தவிர, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. தகராறு வந்தாலும் வீட்டு உரிமையாளர் தண்ணீர், கரண்ட்டை நிறுத்தக் கூடாது.

'வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் தவிர' என்ற வரியைக் கவனியுங்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டால் பத்து மாத அட்வான்ஸும் ஒப்புக்கொண்டதாகிவிடும். படித்துப் பார்த்து, பேசிக் குறைத்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

பெண்கள் விடுதி என்றால் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். பெண்கள், குழந்தைகள் விடுதிகளை முறைப்படுத்த 2014ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்திருக்கிறது.

கரண்ட் பில்லையும் பேசிவிடுங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். தனி மீட்டர் இருந்தால்தான் அந்தப் பலன் உங்களுக்குக் கிடைக்கும். 'யூனிட்டுக்கு இவ்வளவு' என்று உரிமையாளர் வசூலிக்கும் வீட்டில் மாதச் செலவுக் கணக்கே மாறிவிடும்.

மனை வாங்கச் சொல்கிறார்களா? கொஞ்சம் பொறுங்கள்

வாடகைக்கு வந்தவரிடம் சில மாதங்களில் அடுத்த ஆலோசனை வரும்: "ஏன் வாடகை கட்டுறீங்க? இங்கயே ஒரு பிளாட் போட்டுடுங்க. சென்னைக்கு மிக அருகில்!" இலவச சைட் விசிட், மதியச் சாப்பாடு எல்லாம் இருக்கும்.

சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கி.மீ.யில் இருந்து 5,904 சதுர கி.மீ.யாக விரிவாக்கி 2022இல் அரசாணை வந்தது. திருவள்ளூர் மாவட்டத்தின் பெரும் பகுதி அதற்குள் வருகிறது. இதை வைத்து 'இனி இதுவும் சென்னைதான்' என்பார்கள். திட்டமிடும் எல்லை விரிந்ததால் ரயில் நேரம் குறைந்துவிடாது, ஏரிக்கரையும் மேடாகிவிடாது.

பார்க்க வேண்டியவை இவை. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பிறகு வந்த வரன்முறைத் திட்டம் 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்குத்தான். 500 சதுர மீட்டருக்கு மேல் உள்ள மனைப்பிரிவு என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். பட்டா, வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் மூன்றையும் உங்களுக்குத் தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டுங்கள். விற்பவர் அழைத்து வரும் வழக்கறிஞர் வேண்டாம். நிலம் முன்பு ஏரியாகவோ மேய்க்கால் புறம்போக்காகவோ இருந்ததா என்பதை ஊர்ப் பெரியவர்களிடமும் கேளுங்கள்.

சேமித்து வையுங்கள்: அட்வான்ஸ் கொடுக்கும் முன் 8 கேள்விகள்

1. என் ஆலையின் கேட் எது? இந்த வீட்டில் இருந்து என் ஷிப்ட் நேரத்தில் அங்கே போக எவ்வளவு நேரம்? ஒரு நாள் போய்ப் பார்த்தேனா?
2. கடைசி ரயிலைத் தவறவிட்டால் அடுத்து என்ன வழி?
3. 2015, 2023 மழையில் இந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது?
4. குடிக்க என்ன தண்ணீர்? போர் தண்ணீர் உப்பா?
5. இரவில் புகை, வாசனை எப்படி? நேரில் பார்த்தேனா?
6. முன்பு இருந்தவர் ஏன் காலி செய்தார்?
7. தனி மீட்டரா? அட்வான்ஸ் எத்தனை மாதம்? ஒப்பந்தம் எழுத்தில் உண்டா?
8. இந்த ஆலோசனையைச் சொன்னவருக்கு இதில் என்ன லாபம்?

எட்டாவது கேள்வியை முதலில் கேட்டாலும் சரிதான். ஒருவரிடம் கேட்டு முடிவெடுக்காமல் குறைந்தது மூன்று பேரிடம் கேளுங்கள். அதில் ஒருவராவது அந்தத் தெருவில் ஒரு மழைக்காலத்தைக் கழித்தவராக இருக்கட்டும். முடிந்தால் முதல் மாதம் நண்பரோடு தங்கிவிட்டு, நிதானமாக வீடு பாருங்கள். ஒரு மாத அசௌகரியம் பரவாயில்லை. தவறான இடத்தில் சிக்கிய அட்வான்ஸைத் திரும்ப வாங்குவதுதான் கஷ்டம்.